குமரியில் நாலு நாள்: வயிறு நிறையணும், பெல்ட் ஓட்டை மாறக் கூடாது

விடுமுறை முடிந்து ஊர் திரும்பியவர் எடைக்கருவியில் ஏறி நிற்பார். 2 கிலோ கூடியிருக்கும். "எல்லாம் மீன்கறியும் மரச்சீனியும் செஞ்ச வேலை" என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிடுவார். (மரச்சீனி என்பது மரவள்ளிக் கிழங்கு.) மீன்கறி பாவம். காரில் மடிமேல் திறந்து வைத்திருந்த சிப்ஸ் பொட்டலமும் நாளைக்கு ஆறு தடவை குடித்த சாயாவும் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்ளும்.

முதலில் அந்த 2 கிலோவைப் பிரித்துப் பார்த்துவிடலாம். உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். நாலு நாளில் 2 கிலோ கொழுப்பு என்றால் தினமும் 3,850 கலோரி கூடுதல். வழக்கமாகச் சாப்பிடுவதோடு தினம் 13 பரோட்டா சேர்த்துத் தின்றால்தான் அது நடக்கும். அப்படி யாரும் தின்பதில்லை. கூடியதில் பெரும்பங்கு தண்ணீர். மாவுச்சத்து அதிகம் போகும்போது உடம்பு அதைக் கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய், பப்படம், பொரித்த மீன், ஓட்டல் குழம்பு எல்லாவற்றிலும் வீட்டைவிட உப்பு தூக்கல். உப்பு போகும் இடத்தில் தண்ணீரும் தேங்கும். மோதிரம் இறுகுவதும் செருப்பு வார் பதிவதும் இதனால்தான். வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய 3, 4 நாளில் இது தானாக வடிந்துவிடும்.

வடியாமல் நிற்பது மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான். தினம் 500, 600 கலோரி கூடுதலாகப் போயிருந்தால் நாலு நாளில் 2,000 முதல் 2,400 வரை. கொழுப்பாக 300 கிராம். பார்க்கச் சின்ன எண். வருடத்தில் சுற்றுலா, கல்யாணம், கோயில் கொடை, கிறிஸ்துமஸ், ஓணம் என்று ஐந்து தடவை இப்படி நடந்தால் ஒன்றரைக் கிலோ. யாரும் அதை இறக்குவதில்லை, அடுத்த வருடம் அதன் மேலேயே ஏறும்.

ஆகவே பிடிக்க வேண்டியது தினம் ஒரு 500 கலோரியை மட்டும். அதைப் பிடிக்க எங்கள் வழி இது: குமரியில் மட்டும் கிடைப்பதை ஆசை தீரச் சாப்பிடுங்கள், எல்லா ஊரிலும் கிடைப்பதை இங்கே தொடாதீர்கள். கிரீம் பிஸ்கட்டும் குளிர்பானமும் ஃபிரைடு ரைஸும் உங்கள் தெருமுனையில் வருடம் முழுக்கக் காத்திருக்கும். சாளை மீன் கறி காத்திருக்காது.

சாயா, பொட்டலம், சர்பத்

கடைச் சாயா ஒரு கிளாஸில் 2 தேக்கரண்டி சீனியும் பாலும் சேர்ந்து 70, 80 கலோரி வரும். ரயிலடியில் ஒன்று, சூரியோதயம் பார்த்துவிட்டு ஒன்று, படகுக்கு வரிசையில் நிற்குமுன் ஒன்று என்று ஆறு ஆகிவிட்டால் 450. தேடிய 500 ஏறக்குறைய இங்கேயே அகப்பட்டுவிட்டது. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் சீனிக்கு "மதுரம்" என்பார்கள். "மதுரம் கம்மி" என்றால் பாதி போடுவார்கள், "விதவுட்" என்றால் போடவே மாட்டார்கள். சொல்ல வேண்டிய நேரம் முக்கியம். பல கடைகளில் சீனியைத்தான் முதலில் கிளாஸில் போடுவார்கள். டீயை ஆற்ற ஆரம்பித்த பிறகு சொன்னால் பயனில்லை. சீனி இல்லாமல் இறங்காது என்பவர்கள் காலையில் முதல் சாயாவை மட்டும் மதுரத்தோடு ரசித்துக் குடித்துவிட்டு, மற்றதைப் பால் இல்லாத கட்டன் சாயாவாக மாற்றிக்கொள்ளலாம். கருப்பட்டிக் காப்பி நல்லது என்று நாலு தடவை குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கருப்பட்டியில் மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு, ஆனால் கலோரியில் அது சீனிக்குத் தம்பிதான்.

அடுத்தது ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ். நாகர்கோவில் வந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் போகச் சொல்வது அநியாயம், நாங்கள் சொல்லவில்லை. 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. கால் கிலோப் பொட்டலத்தைக் காரில் பிரித்தால் தக்கலை தாண்டுவதற்குள் காலி, எவ்வளவு தின்றோம் என்பதும் தெரியாது. பேச்சும் பாட்டும் நடக்கும்போது கை மட்டும் தனியாக வேலை செய்யும். செய்ய வேண்டியது: எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் கடையைப் பார்த்து, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைத் தெளித்து வாரி எடுக்கும் அந்த நேரத்தில், 50 கிராம் வாங்கி நின்ற இடத்திலேயே சூடாகச் சாப்பிடுங்கள். 260 கலோரி, முழு ருசி. ஊருக்குக் கொண்டுபோக வாங்கும் பொட்டலங்களைக் கடைசி நாள் வாங்கி, டிக்கியில் பெட்டிக்கு அடியில் வையுங்கள். வாங்குமுன் ஒன்றை மோந்து பார்ப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் நல்ல மணமாக இருக்க வேண்டும். காறல் அடித்தால் பழைய எண்ணெய், அதற்குக் காசும் வயிறும் செலவழிக்க வேண்டாம்.

குடிக்கிறவற்றில் பெரிய வித்தியாசம் உண்டு. நன்னாரி சர்பத்தில் ஊற்றும் பாகு மட்டுமே 100 கலோரியைத் தாண்டும். பழச் சர்பத் என்றால் பழம் வேறு பிசைந்து போடுவார்கள், அதை ஒரு மாலைப் பலகாரமாகவே கணக்கில் வையுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீருக்கு இந்தப் பக்கத்தில் போஞ்சி என்று பெயர்; உப்புப் போட்ட போஞ்சியில் கலோரி என்று சொல்ல ஒன்றுமில்லை, வியர்த்து வழியும் ஊருக்கு அதைவிடப் பொருத்தமானதும் இல்லை. இளநீர் ஒரு டம்ளர் 50 கலோரி. பனை சுரக்கும் மாதங்களில் வந்தால் அக்கானி கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பதநீர். 200 மில்லியில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு என்றாலும், இதை விட்டுவிடச் சொல்ல மாட்டோம். காலையில் இறக்கியதும், நுங்கைப் போட்டு ஒரு டம்ளர். அன்றைக்குச் சாயாவில் மதுரம் வேண்டாம். கணக்கு நேராகிவிட்டது.

காலையில்

விடுதி வாடகையில் காலைச் சாப்பாடு அடங்கியிருந்தால் அதுதான் முதல் பொறி. காசு கொடுத்தாயிற்றே என்று ரொட்டி, ஜாம், பூரி, உப்புமா, கேசரி எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து 700 கலோரியை முடித்துவிட்டு, பத்து மணிக்கு வெளியே புட்டுக் கடையைப் பார்த்ததும் அங்கேயும் உட்கார்வது. விடுதியில் ஒரு முட்டையும் ஒரு காப்பியும் போதும். அல்லது அங்கேயே முடித்துக்கொண்டு வெளியே உட்காராதீர்கள். இரண்டில் ஒன்று.

புட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் எடை. பார்க்க உதிரியாக, லேசாக இருக்கும். ஒரு முழுக் குழல் புட்டில் 100 கிராம் அளவு அரிசிமாவும் நடுநடுவே தேங்காய்ப்பூவும் சேர்ந்து 450 கலோரி. அதன் மேல் பழத்தைப் பிசைந்து, சீனி தூவி, பப்படத்தை நொறுக்கினால் 650. பயறோ கடலையோ வாங்கிப் பாதிக் குழலை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கடலைக் கறியை மட்டும் முழுசாக. மதியம் வரை பசிக்காமல் இருப்பதற்குக் காரணம் கடலையும் பயறும்தான். வெறும் புட்டும் பழமும் சாப்பிட்டவருக்குப் பதினொன்றரைக்கே வயிறு கூப்பிடும். பழம் வேண்டுமென்றால் சீனி வேண்டாம். கருப்பட்டி போட்டால் பழம் வேண்டாம்.

ஆப்பம் இரண்டு, முட்டைக் கறியோடு என்றால் பிரச்சனையே இல்லை. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் ஊற்றிக் கொடுத்தால் அதைப் பாயாசத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே மட்டிப் பழத்துக்கு ஒரு இடம் தர வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, கைக்குழந்தைக்கு ஊட்டும் அளவுக்கு மென்மையானது. தோல் மெல்லிசு, மணம் தேன் மாதிரி. விரல் நீளம்தான் இருக்கும், இரண்டு சாப்பிட்டாலும் 100 கலோரியைச் சுற்றியே நிற்கும். நல்ல ஏத்தன் பழம் ஒன்று அதைப்போல் இரு மடங்கு. பயணத்தில் பைக்குள் நாலு மட்டிப் பழம் இருந்தால் பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம். பூவன் மாதிரி அடுக்கி அமுக்கக் கூடாது, சீக்கிரம் நசுங்கி, கறுத்துவிடும். எவர்சில்வர் டப்பாவில் வைத்து, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

மதியம்: மரச்சீனியும் மீனும்

மீன் பெயர் முதலில். சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே நெய்மீன். மத்தி என்றால் சாளை. கானாங்கெளுத்தி அயிலை. நெத்திலி, நெத்தோலி. இது தெரியாமல் வஞ்சிரம் மட்டும் கேட்டு, அதையும் பொரித்து வாங்கிச் சாப்பிட்டுப் போவது, விலையிலும் ருசியிலும் எடையிலும் நட்டம்.

வேகவைத்த மரச்சீனி 200 கிராமில், அதே எடைச் சோற்றைவிடச் சற்றுக் கூடுதலான கலோரி இருக்கும். புரதம் அதில் ஏறக்குறைய இல்லை. அந்தக் குறையைத்தான் சாளை நிரப்புகிறது: நடுத்தர அளவில் 4 சாளையின் சதையில் 20 கிராம் புரதம், கூடவே ஒமேகா 3 கொழுப்பு. மலிவான கிழங்கையும் மலிவான மீனையும் சேர்த்த அந்தக் காலத்துச் சமையல் அறிவு சரியான அறிவுதான். கெடுவது எங்கே என்றால், மரச்சீனியைத் தொடுகறியாக நினைத்து, அதை முடித்துவிட்டு "இனி சோறு கொண்டு வாங்க" என்னும்போது. கிழங்கே சோறு. ஒரு தட்டுக் கிழங்கு சாப்பிட்டால் அந்த வேளைக்குச் சோறு கிடையாது.

வீடு எடுத்துத் தங்கி நீங்களே கிழங்கு வேகவைத்தால், தோலையும் உள்ளே இருக்கும் சிவந்த பட்டையையும் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டு இன்னொரு கொதி. கிழங்கில் இயற்கையாக உள்ள, சயனைடு தரக்கூடிய சேர்மம் தண்ணீரில் கரைந்து போவதற்காகத்தான் இந்த வடிப்பு. குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்து அவித்தால் அது உள்ளேயே நிற்கும். வெட்டியதும் நீல நரம்பு ஓடியிருந்தால் பழைய கிழங்கு. வேகாது, கசக்கும், தூர எறியுங்கள்.

தேங்காய் அரைத்த மீன்குழம்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம், தேங்காய் இல்லாமல் குழம்பு வைக்காது. நாலு பேர் குழம்புக்கு அரைமுறித் தேங்காய் என்றால் தலைக்கு 100 கலோரி அளவில்தான் வரும். அதே மீனை எண்ணெயில் முக்கிப் பொரித்தால் 100 கிராம் துண்டு ஒன்று 10 கிராம் எண்ணெய் வரை குடித்துவிடும். இரண்டு துண்டுக்கு 180 கலோரி, மசாலாவில் மாவு சேர்த்திருந்தால் இன்னும் கூட. பொரித்தது வேண்டுமென்றால் "கல்லுல போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வரும். வறுவலுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஐஸில் நாலு நாள் கிடந்த மீனின் குறையை மசாலாவும் எண்ணெயும் மறைத்துவிடும். குழம்பில் மறைக்க முடியாது. ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிடும்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதும் கணக்கில் உண்டு. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. மே மாத விடுமுறையில் கன்னியாகுமரியில் நெய்மீன் கேட்டால் அது வேறு கரையிலிருந்தோ ஐஸ் பெட்டியிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். அந்த நாட்களில் நாட்டுப் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் சின்ன மீனைக் கேளுங்கள். சின்ன மீன் குழம்புக்கும் அவியலுக்கும்தான் போகும், எடைக்கும் அதுவே நல்லது.

நெத்தோலி அவியல், எண்ணெய் 2 தேக்கரண்டி

மீன் அவியல் என்றதும் காய்கறி அவியலில் மீன் போட்டதா என்று கேட்பவர்களுக்காக. நாலு பேருக்கு அரைக்கிலோ நெத்தோலி. தலையையும் குடலையும் விரலால் கிள்ளி எடுத்து, கல்லுப்புப் போட்டு மூன்று தடவை அலசினால் 400 கிராம் தேறும். அரைமுறித் தேங்காய், 10 சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), 4 பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், காரத்துக்கு ஏற்ப மிளகாய்த்தூள். இவற்றைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாகச் சதைக்க வேண்டும். புளிப்புக்கு ஒரு சின்னப் பச்சை மாங்காய், நீள நீளமாக நறுக்கியது; மாங்காய் இல்லாத காலத்தில் நெல்லிக்காய் அளவு புளி.

மண்சட்டியில் மாங்காயையும் சதைத்த கூட்டையும் உப்பையும் போட்டு, 150 மில்லி தண்ணீர் விட்டு 5 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு மீனைப் பரப்பி, கறிவேப்பிலை போட்டு மூடி, சிறு தீயில் 6, 7 நிமிடம். கரண்டியை உள்ளே விடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும். கரண்டி போட்டுக் கிளறினால் நெத்தோலி உடைந்து முள்ளும் கூட்டுமாகக் குழைந்துவிடும். இறக்கியதும் 2 தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைப் பச்சையாக மேலே ஊற்றி 10 நிமிடம் மூடி வையுங்கள். எண்ணெயைக் காய்ச்சாமல் கடைசியில் ஊற்றுவதால்தான் இவ்வளவு குறைந்த அளவிலும் மணம் தூக்கலாக இருக்கிறது. தலைக்குச் சுமார் 220 கலோரி, 20 கிராம் புரதம்.

இரண்டு இடத்தில் தவறும். தேங்காயை மையாக அரைத்தால் அவியல் குழம்பாகிவிடும். தண்ணீர் கூடினால் மீன் வெந்து முடிந்த பிறகும் வற்றவைக்க வேண்டி வரும், மீன் அதற்குள் கரைந்துவிடும். தண்ணீர் குறைவோ என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு, மீனும் மாங்காயும் தண்ணீர் விடும்.

சம்பா அரிசிச் சோறு பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, சிவப்பரிசி எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது என்று. தவிட்டுச் சத்து கொஞ்சம் கூட, மென்று தின்ன வேண்டியிருப்பதால் வேகம் குறையும். இந்த இரண்டு நன்மையும் உண்மை. கலோரி கிட்டத்தட்ட வெள்ளைச் சோற்றின் அளவே.

இலை விருந்து

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கும், நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு போடும் கடை தேடிப் போகிறவர்களுக்கும் இது. இலையில் இடமிருந்து தொடங்கும் தொடுகறிகளைப் பாருங்கள்: இஞ்சி, பச்சடி, கிச்சடி, துவரன், அவியல், ஓலன், எரிசேரி. பெரும்பாலும் காய்கறி. விருந்தில் எடை கூட்டுவது இவை அல்ல. பருப்புக்கு ஒரு தடவை, சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை விழும் சோறு, ஒவ்வொன்றும் 150 கிராம் என்றால், 800 கலோரி. அதற்கு மேல் பாயாசம்.

குமரி விருந்தில் பாயாசம் கடைசியில் வருவதில்லை, மோருக்கு முன்பே வந்துவிடும். வயிற்றில் அதற்கு முன்னாலேயே இடம் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். எப்படி? இலையில் உட்கார்ந்ததும் சோறு வருமுன் துவரனையும் ஓலனையும் அவியலையும் பாதி சாப்பிட்டுவிடுங்கள். காய்கறியின் நார்ச்சத்து முதலில் போனால் பசியின் வேகம் அடங்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம் வரை ஆகும், பந்தியோ 15 நிமிடத்தில் எழுப்பிவிடும். பருப்பும் நெய்யும் ஊற்ற ஒரு கைப்பிடிச் சோறு. சாம்பாருக்கு இன்னொரு கைப்பிடி. ரசத்தையும் மோரையும் கையில் வாங்கிக் குடித்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சோறு நாலுக்குப் பதில் இரண்டு. 400 கலோரி மிச்சம். அந்த 400-க்கு அடைப்பிரதமன் பாயாசம் ஒரு கரண்டி, அதில் பப்படத்தை நொறுக்கி, மட்டிப் பழம் பாதி பிசைந்து. பால் பாயாசமும் போளியும் இருந்தால் பிரதமனை அரைக் கரண்டியாக்கி, அரைப் போளி. மூன்று பாயாசம் இருக்கும் விருந்தில் மூன்றிலும் ஒரு வாய் என்று தொடங்குகிறவர் மூன்று கரண்டியில் முடிப்பார். எது நன்றாக இருக்கிறது என்று பந்தியில் முதலில் எழுந்தவரிடம் கேட்டுவிட்டு உட்காருவது உத்தமம்.

பரிமாறுகிறவரிடம் "வேண்டாம்" என்று சொன்னால் விழும். இலைமேல் கையை விரித்து மறைத்தாலும் விரல் இடுக்கில் விழும். "ஓலன் இன்னும் கொஞ்சம்" என்று நீங்களாக ஒன்றைக் கேட்டுவிடுங்கள், சோற்று வாளி நகர்ந்துவிடும். சொந்தக்காரர் வீட்டிலும் இதே தந்திரம் செல்லும். "ஒண்ணும் திங்கலியே மக்கா" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில், துவரன் பாத்திரத்தைக் காலி செய்வது. எதையும் மறுக்கவில்லை, கேட்டு வாங்கித் தின்றார் என்ற பெயரும் நிற்கும்.

சாயங்காலம், ராத்திரி

நாலு மணிக்கு ரசவடை. பருப்பு வடையை ரசத்தில் ஊறவைத்துத் தருவது; இரண்டு வடை 250 கலோரிக்குள் அடங்கும், ரசத்தோடு சேர்ந்து வயிறும் நிறையும். இதைச் சாப்பிடும் நாளில் ஏத்தம்பழ பஜ்ஜி வேண்டாம். பஜ்ஜிதான் வேண்டும் என்றால் ஒன்று, சாயா விதவுட். முந்திரிக்கொத்து பெயரைக் கேட்டு உள்ளே முந்திரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம்; வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் வெல்லப் பாகும் உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்தது. நன்றாக மென்று தின்ன வேண்டிய பண்டம், ஒன்றே நேரம் எடுக்கும். அந்தக் கணக்கில் சிப்ஸைவிட மரியாதையானது.

இரவுப் பரோட்டாவில் பிரச்சனை பரோட்டா மட்டும் அல்ல. எட்டு மணிக்கு விடுதியில் ஒரு சாப்பாடு முடித்துவிட்டு, பத்தரைக்கு "சும்மா ஒரு ரவுண்டு" கிளம்பிப் பரோட்டாக் கடையில் நிற்பது. அது நாலாவது வேளை. ஒரு பரோட்டா 300 கலோரியைத் தொடும். ஆசை இருந்தால் அதையே ராத்திரிச் சாப்பாடாக வைத்து, ஏழரை மணிக்கே போய் உட்காருங்கள். பரோட்டா இரண்டு, பிச்சிப்போட்ட கோழியோ மாட்டுக்கறி வறுவலோ ஒரு தட்டு, பச்சை உள்ளி, எலுமிச்சை. சால்னாவைப் பரோட்டாவின் மேல் ஊற்ற வேண்டாம், தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். ஊற்றிப் பிசைந்தால் பரோட்டா எண்ணெய் மிதக்கும் குழம்பை எல்லாம் உறிஞ்சி, மெல்லாமலே இறங்கும், மூன்றாவதும் கேட்கும்.

நடையும் குளியலும்

நடந்து கரைத்துவிடலாம் என்ற கணக்கில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். 60 கிலோ எடையுள்ளவர் 1 கிலோமீட்டர் நடந்தால் 50 கலோரி அளவுக்குத்தான் செலவாகும். ஒரு பரோட்டாவுக்கு 6 கிலோமீட்டர். ஆனாலும் இந்த மாவட்டத்தில் நடை தானாகவே கிடைக்கும். பத்மநாபபுரம் அரண்மனையைச் செருப்பில்லாமல் முழுசாகச் சுற்றி வர இரண்டு மணி நேரம் ஆகும் (திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குப் போய்விட்டுக் கோபத்தில் எதிர்க்கடையில் பஜ்ஜி தின்ன வேண்டாம்). சிதறால் மலைக்குக் கல் பாவிய பாதையில் ஏறலாம். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் மேலே நடந்து போய், படியில் இறங்கிக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறினால் காலுக்குத் தெரியும். உயரம் 115 அடி. மருந்துவாழ் மலைக்குக் காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கிவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் வெயில் பாறையில் நிற்க விடாது. சாப்பிட்ட பிறகு சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ மணலில் 20 நிமிடம் நடப்பது, சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கவும் உதவும்.

திற்பரப்பு அருவியில் எச்சரிக்கை வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நேரம் போக்கினால் கரையேறும்போது பசி வயிற்றைப் பிடுங்கும். வாசலில் சட்டியும் எண்ணெயும் தயார். குளிக்கப் போகுமுன் அவித்த நிலக்கடலையும் மட்டிப் பழமும் பையில் இருக்கட்டும். துவட்டியதும் அதைத் தின்றுவிட்டு அரைமணி கழித்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், பசியின் பேச்சைக் கேட்டு ஆர்டர் போட வேண்டியிருக்காது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கவனம். பாயாசத்துக்காக ஒரு வேளையைத் தவிர்த்துவிட்டு, மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு அருவியில் நிற்பது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அளவை மாற்றுவதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

எடையைக் கிளம்பும் நாள் காலையில், மலம் கழித்த பிறகு, வெறும் வயிற்றில் பார்த்து எழுதி வையுங்கள். திரும்பியதும் பார்க்க வேண்டாம். நாலாம் நாள் காலையில், அதே நேரம், அதே கருவி. 300 கிராம் கூடியிருந்தால் பத்து நாளுக்குத் தினம் 230 கலோரி குறைத்தால் சரியாகும். ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டியும் சாயாவில் சீனியும் குறைந்தால் அது முடிந்தது. பட்டினி தேவையில்லை.

உண்மையில் பலருக்கு எடை ஏறுவது இந்த நாலு நாளில்தான். பெட்டியில் வந்த அரைக்கிலோ சிப்ஸ், சர்க்கரைவரட்டி (வெல்லப் பாகில் புரட்டிய ஏத்தங்காய்த் துண்டு), முந்திரிக்கொத்து, பனங்கருப்பட்டி எல்லாம் மேசையில் இருக்கும், டிவி ஓடும், விடுமுறையின் கை இன்னும் வேலையை நிறுத்தியிருக்காது. வாங்கும்போதே 100 கிராம், 200 கிராம் பொட்டலங்களாகப் போடச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிவிடுங்கள்: அலுவலகம், பக்கத்து வீடு, அத்தை. மறுநாளே கொடுத்து முடித்துவிட வேண்டும். வீட்டுக்கு என்று ஒரு 100 கிராம் போதும்.